சிங்கப்பூரில் தமிழ்த் தொடர் தயாரிப்பு எப்படி வளர்ந்தது, புதியவர் எங்கே சறுக்குவார்?

வளர்த்தது ஒளிபரப்பு நேரம்தான். 2000இல் வந்த தமிழ்த் தொலைக்காட்சிச் சேவையான வசந்தம் சென்ட்ரல், சிறுவர், கலை நிகழ்ச்சிகளோடு ஒரே ஒளிவழியைப் பகிர்ந்துகொண்டது. 2008 அக்டோபரில் வசந்தம் தனி ஒளிவழியானது. நிரப்ப வேண்டிய மணிநேரம் கூடியது. வெளித் தயாரிப்பு நிறுவனங்களுக்கு வேலையும் கூடியது.

நம் சந்தை சிறியது. விளம்பர வருவாயை மட்டும் நம்பி இங்கே தமிழ் நாடகம் எடுக்க முடியாது. பொதுச் சேவை ஒளிபரப்புக்கான அரசு நிதிதான் முதுகெலும்பு. ஆகவே தொகை முன்பே முடிவாகிவிடும். படப்பிடிப்பு ஒரு நாள் நீண்டால் அந்தச் செலவு பெரும்பாலும் தயாரிப்பாளர் தலையில்தான்.

படப்பிடிப்பை இப்படி நீளவைப்பது பெரும்பாலும் இடமும் ஒலியும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் எடுக்க நகர மன்ற அனுமதி வேண்டும். மேலே வீடு தந்தவரின் சம்மதம் போதாது. எம்ஆர்டி மேம்பாலப் பாதையை ஒட்டிய வீடு என்றால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ரயில் வசனத்தை விழுங்கும். இடம் பார்க்கப் போகும்போதே, படமெடுக்கப்போகும் அதே நேரத்தில் நின்று கேளுங்கள். ஏர்கானை அணைத்துவிட்டு எடுங்கள். ஒவ்வோர் அறையிலும் யாரும் பேசாத 30 விநாடி ஒலியைத் தனியே பதிவுசெய்யுங்கள். அது இல்லாவிட்டால் படத்தொகுப்பில் வெட்டிய இடமெல்லாம் ஒலி அறுந்து கேட்கும்.