நாலு பேர் கைதட்டிய கடிதம்

கேள்வி: தளர்ந்துபோன அம்மாவை நாலு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆறு மாதமாவது அழைத்துப் போகும்படி அண்ணனுக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். உவமை, அடுக்கடுக்கான கேள்விகள் என்று உயிரைக் கொடுத்து எழுதியது. அனுப்பும் முன் தோழிகள் நாலு பேருக்கு வாசித்துக் காட்டினேன், கைதட்டினார்கள். அண்ணனிடமிருந்து பதிலே இல்லை. இன்னும் எப்படி எழுதினால் அவர் மனம் இளகும்? நகல் இணைத்திருக்கிறேன்.

பதில்: அண்ணனுக்கு எழுதியதைத் தோழிகளுக்கு ஏன் வாசித்தீர்கள்? அம்மாவைப் பற்றி அண்ணனும் தங்கையும் பேச வேண்டியதை வெளியார் முன் வைத்தது தப்பு. எழுத்து கெட்டதும் அங்கேதான். நகலைப் படித்தேன். வரிக்கு வரி அந்த நாலு பேரின் முகத்தைப் பார்த்தே எழுதியிருக்கிறீர்கள்.

"பெற்றவளைப் பார்ப்பது மகளின் கடமை மட்டும்தானா?" என்று கேட்கிறீர்கள். இப்படிப்பட்ட கேள்விக்கு யாரும் வாய்விட்டுப் பதில் சொல்வதில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு பதில் பிறந்தே தீரும். நாம் நினைத்த பதில் பிறந்தால்தான் கேள்வி ஜெயிக்கும். தோழிகளுக்கு 'இல்லை' என்று பிறந்தது. அண்ணனுக்கு, 'அப்பா படுத்திருந்தபோது யார் பார்த்தது?' என்று பிறந்திருக்கலாம். பத்துக் கேள்வி அடுக்கினால் பத்து மறுப்பை நீங்களே எடுத்துக்கொடுத்தது போலத்தான்.

"உங்களைப் போன்ற பெரிய மனிதருக்கு அம்மாவை நினைக்க நேரம் ஏது?" இதை வஞ்சப்புகழ்ச்சி, அதாவது புகழ்வது போல இகழ்வது, என்று நினைத்திருப்பீர்கள். இது வெறும் வசை. புறநானூற்றின் 95ஆம் பாட்டைப் பாருங்கள். அதியமான் என்ற மன்னனின் தூதாகப் போன ஔவையார், அவனுக்குப் பகையான மன்னன் தொண்டைமானிடம் சொல்கிறார்: இங்குள்ள படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மிகுந்த அரண்மனையில் இருக்கின்றன, அதியமானுடையவை பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன. பழிச்சொல் ஒன்றுகூட இல்லை. போர் காணாத ஆயுதம் எது என்பதைத் தொண்டைமானே உணர்ந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார். அவன் மானத்தை வாங்கவில்லை. அண்ணனுக்கு அந்த இடத்தை நீங்கள் விட்டுவைக்கவில்லையே!

மெழுகுவர்த்தி, கல்நெஞ்சு எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள், கேட்டுக் கேட்டுத் தேய்ந்தவை. மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருக்கிறது: "ராத்திரி மூன்று முறை அம்மா எழுந்திருக்கிறார், மூன்று முறையும் நானும் எழுந்திருக்கிறேன்." சொன்ன சொல்லே திரும்ப வருகிறது, இதுவும் அணிதான். ஆனால் இதை அண்ணனால் மறுக்க முடியாது. தோழிகள் இந்த வரிக்குக் கைதட்டியிருக்க மாட்டார்கள். இதை முதல் வரியாக வையுங்கள். அப்புறம் அண்ணன் இந்தக் குடும்பத்துக்குச் செய்ததை ஒளிக்காமல் எழுதுங்கள். கடைசியில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று நேராக ஒரே ஒரு கேள்வி. போதும், அரைப் பக்கம் தாண்டாது. பெற்றவர்களைப் பார்ப்பதில் மகனுக்கும் மகளுக்கும் பங்கு சமம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இவ்வளவு நல்ல வழக்கை நீங்களே கெடுத்துக்கொண்டீர்களே என்றுதான் கோபம் வருகிறது.

சரி, எழுத உட்காரும் முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் எங்கே இருக்க ஆசைப்படுகிறார் என்று மூன்று பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.