மீற்றர் மாறட்டும், போன் இலக்கம் யாருடையது?

விசுவமடுவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"ஐயா, எங்கள் வீட்டுக் கரண்ட் பில் மாமாவின் பெயரில்தான் வருகிறது. அவர் 2009இற்குப் பிறகு இல்லை. நான் தையல் வேலைக்குப் போவதால் பகலில் கேற் பூட்டியிருக்கும். மீற்றர் பார்க்க வருபவர் இரண்டு மாதம் திரும்பிப் போய், குத்துமதிப்பாகப் பில் போட்டுவிட்டு, மூன்றாம் மாதம் எல்லாவற்றையும் சேர்த்துத் தலையில் கட்டிவிட்டார். இனி ஸ்மார்ட் மீற்றர் வரப்போகிறதாம். அது வந்தால் பில் இரட்டிப்பாகும், கொழும்பில் இருந்துகொண்டே கரண்டை வெட்டுவார்கள், 12,000 ரூபா தந்தால் பழைய மீற்றரையே விட்டுவைக்க ஆள் பிடித்துத் தருகிறேன் என்று சந்தியில் வயரிங் வேலை செய்கிற ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்க வேண்டாம், தங்கச்சி. ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். மீற்றர் உங்களுடையதும் இல்லை, அவருடையதும் இல்லை, மின்சார சபையின் சொத்து. எப்போது கழற்றுவது, எதைப் பூட்டுவது என்பதைச் சபைதான் தீர்மானிக்கும். இரணைமடுக் குளத்தை உங்கள் பெயருக்கு எழுதித் தருகிறேன் என்று ஒருவர் வந்து 12,000 கேட்டால் கொடுப்பீர்களா? இதுவும் அதே கதைதான்.

(சபை என்றே எழுதிக்கொண்டு போகிறேன். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் அதைப் பல நிறுவனங்களாகப் பிரிக்க வழி செய்திருக்கிறது. பெயர்ப்பலகை மாறும். கவுண்டரில் நிற்கிற நேரம் மாறுமா என்று என்னைக் கேட்காதீர்கள்.)

சரி, அந்த மனிசன் சொன்னதில் எது உண்மை, எது புளுகு?

ஸ்மார்ட் மீற்றர் என்பது தானே வாசித்துத் தானே செய்தி அனுப்பும் மீற்றர். போனில் இருப்பதுபோல உள்ளே ஒரு சிம் இருக்கும், அல்லது கரண்ட் கம்பி வழியாகவே செய்தி போகும். கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு தரம் எத்தனை யூனிற் ஓடியது என்று குறித்து வைக்கும். சிக்னல் இல்லாத இடத்தில் சேமித்து வைத்துக்கொண்டு, கிடைத்ததும் அனுப்பும். கொழும்பைச் சுற்றியும் காலி வரையும் கரையோர ஊர்களுக்கு மின்சாரம் கொடுக்கிற லெகோ நிறுவனம் சில வருடங்களாகவே இதைப் பூட்டி வருகிறது. ஆகவே இது பேயோ பிசாசோ இல்லை.

உங்களுக்கு முதல் லாபம் அந்தக் கேற்றில்தான் இருக்கிறது. வாசிக்க ஆள் வரத் தேவையில்லை என்றால் குத்துமதிப்புப் பில்லும் இல்லை. சபைக்கும் அதில் லாபம். நம்முடைய பக்கம் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு வயலே கிடக்கும். ஒரு ஆள் மோட்டார் சைக்கிளில் காடு மேடெல்லாம் சுற்றி, நாய்க்குப் பயந்து, பூட்டிய கேற்றைப் பார்த்துத் திரும்புகிற செலவு எல்லாம் கடைசியில் நம் பில்லில்தான் ஏறுகிறது.

இதற்கிடையில் அந்த மூன்றாம் மாதப் பில்லை எடுத்துப் பாருங்கள். எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்று அதில் இருக்கும். இத்தனை யூனிற் வரை இன்ன விலை என்கிற கட்டணப் படிகளை அந்த நாள் கணக்குக்கு ஏற்ப விரித்துத்தான் போட வேண்டும். மூன்று மாத யூனிற்றை ஒரு மாதத்தில் எரித்ததுபோல் கணக்குப் பார்த்திருந்தால் அது பிழை, திருத்தக் கேட்கலாம். படிகள் ஏன் முக்கியம் என்றால், வீட்டுப் பாவனையில் மாதம் 60 யூனிற்றைத் தாண்டினால், தாண்டிய யூனிற்றுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் யூனிற்றிலிருந்தே வேறு விலை, நிலையான கட்டணமும் கூடும். 61ஆவது யூனிற் ஒற்றை யூனிற்றாக வராது, கூட்டத்தோடு வரும். ஒரு குதிரைவலுக் கிணற்று மோட்டரைத் தினமும் ஒரு மணித்தியாலம் போட்டால் அதுவே மாதத்தில் ஏறக்குறைய 30 யூனிற். பிரிட்ஜ் ஒரு நாளைக்கு ஒரு யூனிற் என்று வைத்தால் இன்னொரு 30. ஆக, நீங்கள் விளிம்பில் நிற்கிற ஆள். இருபதாம் திகதியே 45 யூனிற் ஓடிவிட்டது என்று தெரிந்தால் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விடுகிற நேரத்தைக் குறைக்கலாம். ஸ்மார்ட் மீற்றர் அதைச் சொல்லும். இப்போதைய மீற்றரும் சொல்லும், நீங்கள் போய்ப் பார்த்தால்.

பில் இரட்டிப்பாகும் என்பது புளுகு. 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். சனம் அப்போது வாங்கிய அடியை இப்போது மீற்றரின் மேல் போடுகிறது. ஆனால் கொஞ்சம் கூடலாம். தட்டுச் சுற்றுகிற பழைய மீற்றர் வயது போகப் போக மெதுவாகும். ரிவியின் சிவப்பு லைற், சொக்கட்டிலேயே கிடக்கிற சார்ஜர் போன்ற சின்ன ஓட்டத்துக்கு அசையவே அசையாது. புதியது எல்லாவற்றையும் எண்ணும். சில புதிய மீற்றர்கள் போகிற கம்பியையும் திரும்பி வருகிற கம்பியையும் இரண்டையும் அளக்கும். மெயின் சுவிச்சை அமத்திய பிறகும் மீற்றரில் லைற் மின்னிக்கொண்டிருந்தால் எங்கோ கரண்ட் ஒழுகுகிறது, அல்லது யாரோ குடிக்கிறார்கள். தம்பியின் கொட்டிலுக்கு ஒரு வயர் இழுத்துக் கொடுத்ததை மறந்துபோன வீடுகளும் உண்டு.

சபைக்கு இதனால் என்ன கிடைக்கும்? ஒரு ட்ரான்ஸ்போமரால் எவ்வளவு போனது, அதன் கீழுள்ள வீடுகளில் எவ்வளவு சேர்ந்தது என்று கழித்துப் பார்க்கலாம். களவு எந்த ஒழுங்கையில் என்று தெரியும். கரண்ட் நின்றால் மீற்றர் கடைசி மூச்சில் ஒரு செய்தி அனுப்பும். நீங்கள் சபையின் முறைப்பாட்டுப் போன் இலக்கமான 1987இற்கு அடித்து அடித்துக் களைக்க முன்னரே அவர்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்த பிறகு வருவார்களா என்பது மீற்றரின் வேலை இல்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டதாக அமைச்சரே சொன்னார். எந்த மீற்றரும் குரங்கைப் பிடிக்காது.

எனக்கு இந்த மீற்றரில் பிடித்தது வேறொன்று. அது வோல்ற்றைக் குறித்து வைக்கும். நம் நாட்டில் வீட்டுக்கு 230 வோல்ற் வர வேண்டும், ஆறு வீதம் மேலே கீழே போகலாம். நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு கிராமத்து லைனின் கடைசி வீட்டுக்காரருக்கு ஒரே போகத்தில் இரண்டு தரம் மோட்டர் எரிந்தது. பின்னேரம் ஏழு மணிக்கு நானே போய்ப் பிடித்துப் பார்த்தேன், 180 வோல்ற். எழுதிக் கொடுக்கச் சொன்னேன், கொடுத்தார். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: பகல் 11 மணிக்குப் பரிசோதித்தோம், 228 வோல்ற், குறைபாடு இல்லை. பகல் 11 மணிக்கு அந்த ஊரில் யார் லைற் போடுகிறான்? எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கடிதத்தின் பிரதி இன்னும் என் அலுமாரியில் கிடக்கிறது. ஸ்மார்ட் மீற்றர் இருந்திருந்தால் ஒவ்வொரு பின்னேரத்தின் 180உம் அவர்களுடைய கணினியிலேயே இருந்திருக்கும். மறுக்க முடியாது.

நேரத்துக்கு ஒரு விலை என்ற முறை வீடுகளுக்கும் உண்டு. பின்னேரம் 6.30 முதல் 10.30 வரை விலை உச்சம், இரவு 10.30 முதல் விடிய 5.30 வரை மலிவு. உங்களைப் போன்ற சின்னப் பாவனைக்கு அது சரிவராது, விடுங்கள்.

இப்போது அந்த மனிசன் சொன்ன ஒரேயொரு உண்மைக்கு வருவோம். தூரத்திலிருந்தே கரண்டை வெட்டலாம். ஆம். ஏணியோடு ஆள் வந்து, நீங்கள் ஓடிப்போய்க் கெஞ்சி, "நாளைக்குக் கட்டுறம் தம்பி" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற காலம் முடியும். காசு கட்டியதும் தூரத்திலிருந்தே திரும்பப் போடலாம் என்பதும் உண்மைதான். ஆனால் வெட்ட முன் வருகிற எச்சரிக்கை கடதாசியில் வராமல் போனுக்கு வரத் தொடங்கினால், அது யாருடைய போனுக்கு வரும்?

இதைத்தான் நான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு திரிகிறேன். சபை இப்போதே பில்லை மெசேஜாகவும் அனுப்புகிறது. மீள்குடியேறி வந்த காலத்தில் குப்பி விளக்கிலிருந்து கரண்டுக்கு மாறுகிற அவதியில், விண்ணப்பத்தை நிரப்பியது யார்? பல வீடுகளுக்குத் தரகர்தான் நிரப்பினார். போன் இலக்கம் என்ற கோட்டில் தன்னுடைய இலக்கத்தையே எழுதினார். சிலர் நல்ல மனதோடு செய்தார்கள், வீட்டில் போன் இல்லை என்று. சிலர் அப்படிச் செய்யவில்லை. வீட்டுக்காரருக்கு வர வேண்டிய செய்தி தனக்கு வரும், தான் போய் "உங்கட லைன் வெட்டப் போறாங்கள், நான் கதைச்சு நிப்பாட்டுறன்" என்று ஆயிரம் இரண்டாயிரம் வாங்கலாம். ஒரு ஒழுங்கையில் நாலு கணக்குக்கும் ஒரே ஆளின் இலக்கம் இருந்ததை என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். இந்த வியாபாரத்துக்கு மூலதனம் ஒரு சிம் மட்டும்தான். ஆகவே பில்லை எடுங்கள், கணக்கு இலக்கத்தைப் பாருங்கள், 1987இற்கு எடுத்து அந்தக் கணக்கில் எந்தப் போன் இலக்கம் இருக்கிறது என்று கேளுங்கள். உங்களுடையதைப் பதியுங்கள். இன்றைக்கே.

அடுத்தது பெயர். "அவர் 2009இற்குப் பிறகு இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இறந்தாரா, காணாமற்போனாரா என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. இறந்தவர் என்றால் வழி நேரானது: மரணச் சான்றிதழ், காணி உறுதி அல்லது பெர்மிற், உங்கள் அடையாள அட்டை, இவற்றோடு பிரதேச மின் பொறியியலாளர் அலுவலகத்துக்குப் போங்கள்.

காணாமற்போனவர் என்றால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நம் சனத்தை வதைக்கிறார்கள். "மரணச் சான்றிதழ் எடுத்தால்தான் கரண்ட் பெயர் மாறும்" என்று தரகர் சொல்வார், சில கவுண்டர்களிலும் சொல்வார்கள். ஒரு மீற்றருக்காக மாமி அந்தக் கடதாசியில் கையெழுத்து வைக்க வேண்டியதில்லை. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தில் காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க வழி வைத்தார்கள். 2016இல் அதைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமலே, காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்கிற சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது வீட்டில் இருந்தால் அதைக் காட்டிக் கேளுங்கள். கவுண்டரில் இருக்கிற பிள்ளை அப்படியொரு கடதாசியைக் கண்டிராது, பின்னால் திரும்பி இன்னொருவரைக் கேட்கும், அவரும் கண்டிருக்க மாட்டார். பொறியியலாளரைச் சந்திக்கக் கேளுங்கள். எழுத்தில் கொடுங்கள், பிரதியில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். அப்புறமும் இழுத்தடித்தால், மின்சார விநியோகத்தைக் கண்காணிக்கிற பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு அந்தப் பிரதியை அனுப்புங்கள். மாமிக்கு அந்தச் சான்றிதழும் வேண்டாம் என்றால் விடுங்கள், பெயர் மாமாவினதாகவே இருக்கட்டும். பில் கட்டுகிற வரைக்கும் கரண்ட் வரும். போன் இலக்கத்தைப் பதியப் பெயர் மாற்றம் தேவையில்லை, கணக்கு இலக்கம் போதும்.

மீற்றர் மாற்ற ஆள் வருகிற நாளில் நீங்கள் வீட்டில் நில்லுங்கள். வருபவரின் சபை அடையாள அட்டையைப் பாருங்கள். பழையதைக் கழற்ற முன் அதன் கடைசி இலக்கத்தையும் தொடர் இலக்கத்தையும் போனில் படம் எடுங்கள், புதியதையும் எடுங்கள். பழைய மீற்றர் லொறியில் ஏறிய பிறகு அதில் என்ன இருந்தது என்று நீங்களும் நிரூபிக்க முடியாது, அவர்களும் தேட மாட்டார்கள். சீலில் யாரையும் கை வைக்க விட வேண்டாம். புது மீற்றரின் மூடியைத் திறந்தாலே அது செய்தி அனுப்பிவிடும், காந்தம் வைத்தாலும் பலதுக்குத் தெரியும். குற்றம் உங்கள் தலையில்தான் விழும், காந்தம் விற்றவன் அடுத்த சந்திக்குப் போயிருப்பான்.

சொக்கட்டில் செருகினால் பில் பாதியாகும் என்று ஒரு பச்சை லைற் பெட்டி விற்கிறார்களே, அதையும் வாங்காதீர்கள். உள்ளே ஒரு சின்னக் கப்பாசிற்றர் மட்டும் இருக்கும். வீடுகளுக்கு யூனிற் கணக்கில்தான் பில், அந்தப் பெட்டி யூனிற்றைக் குறைக்காது. அந்தப் பச்சை லைற்றுக்கும் நீங்கள்தான் காசு கட்ட வேண்டும், புது மீற்றர் அதையும் எண்ணும்.

12,000 கையில் இருந்தால், நல்ல வயர்மனைப் பிடித்து எர்த் கம்பி சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், கரண்ட் ஒழுகினால் தானே விழுகிற ட்ரிப் சுவிச் இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். ஈரக்கையோடு மோட்டர் போடுகிற வீடு உங்களுடையது. ட்ரிப் சுவிச்சில் ரெஸ்ற் என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதத்துக்கு ஒரு தரம் அதை அமத்துங்கள். சுவிச் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அதை மாற்றும் வரை மோட்டரைத் தொட வேண்டாம்.