தத்தெடுத்த பிள்ளை ஏன் பாணை ஒளித்து வைக்கிறாள்?

கேள்வி: நாங்கள் கொக்குவிலில் வசிக்கிறோம். நீதிமன்றத்தின் வழியாக ஒரு பெண்பிள்ளையைத் தத்தெடுத்து எட்டு மாதங்கள் ஆகின்றன. இப்போது அவளுக்கு நான்கு வயது. பிறந்த வீட்டில் பராமரிப்பின்றிக் கிடந்து, பின்னர் அருட்சகோதரிகள் நடத்தும் சிறுவர் இல்லம் ஒன்றில் வளர்ந்தவள். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் பாண் துண்டைத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைக்கிறாள். விழுந்து முழங்கால் உரசினாலும் அழுவதில்லை. ஆனால் மீன்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு அவரோடு புறப்பட்டுவிடுகிறாள். "இரத்தத்தில் வந்த குணம், நூல் கட்டினால்தான் சரிவரும்" என்கிறார் மாமி. நான் வெள்ளிதோறும் நல்லூரில் அவளுக்காகக் கும்பிடுகிறேன். இவள் எங்கள் பிள்ளையாகிவிடுவாளா?

பதில்: நீங்கள் எழுதிய மூன்றும் இரத்தத்தில் வந்தவை அல்ல, அந்தப் பிள்ளை தான் வாழ்ந்த இடத்தில் கற்றுக்கொண்டவை. அழுதால் யாராவது வந்து தூக்குவார்கள் என்பதைக் கைக்குழந்தை அனுபவத்தால்தான் அறிகிறது. பல நாள் அழுதும் ஒருவரும் வராவிட்டால் அழுகையை நிறுத்திவிடுகிறது. நோவு இல்லாததால் அல்ல, அழுது பயனில்லை என்பதால் நிறுத்துகிறது. எல்லோருடனும் ஒட்டிக்கொள்வதற்கும் இதே வரலாறுதான் காரணம். தனக்கென்று ஒருவர் இருந்தால்தான் மற்றவர்கள் அந்நியராகத் தெரிவார்கள். பராமரிப்பாளர்கள் முறைமாறி வந்துபோகும் இல்லத்தில், யார் வந்தாலும் அவரைச் சிரித்து ஈர்த்துக்கொள்ளும் பிள்ளைக்கே கூடுதல் கவனிப்புக் கிடைக்கும். பாணைப் பொறுத்தவரை, இன்றைய வயிறு நிறைந்திருந்தாலும் நாளைக்கும் கிடைக்கும் என்ற நிச்சயம் அவளுக்கு இன்னும் வரவில்லை. ஆகவே இதைக் களவு என்று சொல்லிக் கண்டிப்பது பொருந்தாது.

நம்பிக்கைக்கு இடமுண்டா என்பதே உங்கள் கேள்வியின் அடியில் இருக்கிறது. ருமேனியாவிலிருந்து பிரித்தானியக் குடும்பங்களுக்குத் தத்துப் போன, பெரும்பாலும் அங்குள்ள சிறுவர் இல்லங்களில் மிக மோசமான புறக்கணிப்பில் கிடந்த 165 பிள்ளைகளை மைக்கல் ரட்டரின் ஆய்வுக் குழு அவர்கள் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்தது. ஆறு மாத வயதுக்கு முன் குடும்பத்தை அடைந்தவர்கள் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேலும் இல்லத்தில் இருந்தவர்களில் பலருக்குக் கவனச்சிதறலும் அந்நியரோடு அளவின்றிப் பழகும் இயல்பும் நீண்ட காலம் தொடர்ந்தன. ஆயினும் அவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் எந்தப் பெரிய சிக்கலும் இன்றி வளர்ந்தார். சிறுவயதில் அறிவாற்றலில் பின்தங்கியிருந்தவர்களும் இளமையில் பெரும்பாலும் தேறிவிட்டார்கள். உங்கள் மகளிடமும் சில தடங்கள் எஞ்சக்கூடும். எல்லாம் மறைந்த பிறகுதான் அவள் உங்கள் பிள்ளை என்று காத்திருக்கவேண்டியதில்லை.

இனி வீட்டில் செய்யவேண்டியவை. தலையணைக்குக் கீழே தேடுவதை விட்டுவிட்டு, மூடியுள்ள சிறிய பெட்டி ஒன்றை அவளுக்கென்று கொடுங்கள். தினமும் மாலையில் அவள் பார்க்க அதில் நாலு பிஸ்கட்டோ ஒரு வாழைப்பழமோ வையுங்கள். இரவில் எழுந்தால் எடுத்துச் சாப்பிடலாம் என்று சொல்லுங்கள். பெட்டி ஒருநாளும் வெறுமையாக இருக்கக்கூடாது என்பது முக்கியம். முதலில் அவள் அதை அடிக்கடி திறந்து பார்ப்பாள், பின்னர் மறந்து திரிவாள், அதற்கு மாதங்கள் எடுத்தாலும் நீங்களாக நிறுத்தவேண்டாம். விழுந்தால் அவள் அழவில்லை என்று விட்டுவிடாமல் ஓடிப்போய் உட்கார்ந்து, புண்ணைக் கழுவி, "நோகுதோ பிள்ளை?" என்று கேளுங்கள். ஒருநாள் அவள் சின்ன விடயத்துக்கும் உங்களைத் தேடி வந்து ஓவென்று அழுவாள். பிள்ளை கெட்டுவிட்டாள் என்று மாமி அப்போது சொல்லக்கூடும், உண்மையில் அதுதான் நாம் எதிர்பார்த்திருந்த முன்னேற்றம்.

அந்நியர் விடயத்தில், இன்னும் சில மாதங்களுக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, படுக்கவைப்பது மூன்றையும் நீங்கள் இருவர் மட்டுமே செய்யுங்கள். உறவினர் விளையாட்டுக் காட்டலாம், ஆனால் பசிக்கும் பயத்துக்கும் உங்களிடமே வரும்படி அவளை அனுப்பிவிடச் சொல்லுங்கள். மீன்காரரிடமும் இதைச் சொல்லிவைக்கலாம், தவறில்லை. "திருப்பி இல்லத்துக்கு அனுப்பிவிடுவேன்" என்ற வார்த்தை பகிடிக்கும் அந்த வீட்டில் கேட்கக்கூடாது.

இரத்தச்சோகை, பூச்சித் தொல்லை, கேட்கும் திறன் ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நித்திரைக் குழப்பமோ தன்னைத் தானே தாக்குவதோ தொடர்ந்தால், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடத் தயங்கவேண்டாம்.

நீங்கள் கும்பிடுவதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த பிள்ளைகளை எம்மி வேர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தபோது, வறுமையும் குடும்பக் குழப்பமும் சூழ்ந்தவர்களுள் மூன்றில் ஒரு பகுதியினர் நல்ல நிலையில் வளர்ந்திருப்பதைக் கண்டார். மாறாத அன்புள்ள ஒருவராவது அவர்களுக்கு இருந்தார். பலருக்கு வழிபாடும் அதைச் சார்ந்த கூட்டமும் துணை நின்றன. தினமும் ஒரே நேரத்தில் விளக்கேற்றி, அவளை மடியில் வைத்து ஒரு தேவாரம் பாடினால், நாளின் முடிவு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு வேளை அவளுக்குக் கிடைக்கிறது. அவளைப் போன்ற பிள்ளைக்கு அது பெரிய விடயம். இல்லத்தில் பழகிய செபத்தை அவள் படுக்கும்போது சொன்னால் தடுக்கவேண்டாம். பழைய வாழ்விலிருந்து அவள் கையோடு கொண்டுவந்த நல்ல பொருள் அதுவாக மட்டும் இருக்கலாம். அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்டால், சுவாமி பேரில் செய்யச் சொல்லுங்கள். சாதகம் இல்லை என்பதைப் பிள்ளையின் முன்னால் ஒரு குறையாகப் பேசவேண்டாம். நூல் கட்டுவது மாமிக்கு ஆறுதல் என்றால் கட்டட்டும், ஆனால் "உன்னில் இருக்கிற கெட்டது போக" என்று சொல்லிக் கட்டக்கூடாது. "கடவுள் உன்னைக் காப்பாற்றி எங்களிடம் தந்தார், நன்றியோடு இரு" என்பதும் அதே அளவு பாரமானது. நான்கு வயதுப் பிள்ளை ஒருவருக்கும் கடன்பட்டவள் அல்ல.

மாமிக்குச் சொல்ல ஒரு செய்தி உண்டு. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் எழுத்தில் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டமான தேசவழமையிலேயே, உறவினரின் சம்மதத்தோடு மஞ்சள் நீர் குடித்துப் பிள்ளையைத் தத்தெடுக்கும் வழக்கம் இடம்பெற்றிருக்கிறது. இப்போது 1941ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிமன்றக் கட்டளை வேண்டும் என்பது வேறு விடயம். இரத்த உறவு இல்லாத பிள்ளையை நாலுபேர் அறிய மகளாக்கிக்கொள்வது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல.

நாலுபேர் அறிந்த செய்தியை அவளிடம் மட்டும் மறைக்கமுடியாது என்பதால், தத்துப் பற்றி அவளுக்கு இப்போதிருந்தே சொல்லத் தொடங்குங்கள். "நீ வேறொரு அம்மாவின் வயிற்றில் பிறந்தாய், பிறகு இல்லத்தில் இருந்தாய், நாங்கள் வந்து கூட்டிக்கொண்டு வந்தோம், இனி எப்போதும் இங்கேதான்" என்ற அளவு இந்த வயதுக்குப் போதும். பெற்றவள் ஏன் விட்டாள் என்று பின்னர் கேட்டால், அறிந்ததை மட்டும் சொல்லுங்கள், பெற்றவளைப் பழிக்காமல் சொல்லுங்கள். அந்தக் கேள்விகள் வருமுன், இல்லத்தில் எடுத்த படங்கள், தடுப்பூசிப் பதிவேடு, அவள் எப்போது நடந்தாள், என்ன பாட்டுக்குத் தூங்கினாள் என்ற விபரங்களைக் கேட்டு எழுதிவையுங்கள். அங்கே பணியாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அவளைத் தூக்கி வளர்த்தவர் இடமாற்றம் பெறுமுன் போவது நல்லது. முதல் முறை நீங்கள் இருவர் மட்டும் போய்வாருங்கள். பிள்ளையைக் கூட்டிச் செல்வது, அவள் உங்களை விட்டுப் பிரிய அழும் காலம் வந்தபிறகு இருக்கட்டும்.