குளிரறைத் திரையில் 0.0: பிழை உங்கள் புரோகிராம் கோடுக்கு வெளியே இருக்கலாம்

உவர்மலையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, கொட்பே பக்கம் மாமா நடத்தும் மீன் குளிரறைக்காக, டெபியன் போட்ட ஒரு பழைய லேப்டொப்பில் சி மொழியில் மூன்று புரோகிராம் எழுதினேன். முதலாவது சென்சாரைப் படித்து வெப்பநிலையை ஷெயார்ட் மெமரியில் எழுதும், 10 செக்கனுக்கு ஒருமுறை மெசேஜ் கியூவிலும் போடும். இரண்டாவது திரையில் காட்டும். மூன்றாவது கியூவைப் படித்து, சூடு ஏறினால் அலாரம் அடிக்கும். போன கிழமை மெசேஜில் திகதியைச் சேர்த்தேன். அதிலிருந்து தொடங்கி 40 நிமிடம் சொச்சத்தில் முதலாவது அப்படியே நின்றுவிடுகிறது, லேப்டொப்பும் கொதிக்கிறது. பழைய மெசேஜ் 48 பைட், இப்போது 64. இன்னொன்று, இரவு எஸ்எஸ்எச்சில் தூரத்திலிருந்து வந்து, துண்டித்தாலும் ஓடட்டும் என்று நோஹப் போட்டு ஓட விட்டுத் துண்டித்தால், காலையில் மாமா லொகின் பண்ணித் திரை புரோகிராமைத் திறக்கும்போது 0.0 காட்டுகிறது. இரண்டு நாளாகப் புரோகிராம் கோடைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

தம்பி, கோடை மூடி வையுங்கள். ஷெயார்ட் மெமரியும் (பல புரோகிராம்கள் சேர்ந்து பாவிக்கும் நினைவிடம்) மெசேஜ் கியூவும் (ஒன்று போட மற்றது எடுக்கும் செய்தி வரிசை) உங்கள் புரோகிராமுக்குள் இல்லை, லினக்ஸின் மையமான கேர்னலுக்குள் இருக்கின்றன. கடற்கரை வாடி மாதிரி: ஆட்கள் வருவார்கள், போவார்கள், வாடி அங்கேயே நிற்கும். புரோகிராம் செத்தாலும் அவை இருக்கும், புரோகிராம் உயிரோடு இருக்கும்போதே வேறு யாராவது பிரித்துவிடவும் முடியும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது வாடியைத்தான். அதற்கான கட்டளை ஐபிசிஎஸ்: மெமரிக்கு -எம், கியூவுக்கு -கியூ.

முதல் பிரச்சினைக்கு விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. லினக்ஸில் ஒரு கியூ வழமையாக 16384 பைட்தான் பிடிக்கும். 64 பைட் மெசேஜ் என்றால் 256 மெசேஜ். 10 செக்கனுக்கு ஒன்று என்றால் 2560 செக்கன், அதாவது 42 நிமிடம் 40 செக்கன். 257ஆவது மெசேஜுக்கு இடமில்லை, அனுப்பும் அழைப்பு இடம் கிடைக்கும் வரை காத்திருக்கும், உங்களுக்கு அது உறைந்த மாதிரித் தெரியும். அது நின்ற நேரத்தில் ஐபிசிஎஸ் -கியூ அடித்தால், மெசேஜ் எண்ணிக்கை 256, பைட் 16384 என்று முழுசாக நிற்பதைக் காண்பீர்கள்.

சரி, அலாரம் புரோகிராம் ஏன் எடுக்கவில்லை? லேப்டொப் கொதிப்பதுதான் துப்பு. திகதியைச் சேர்த்த பிறகு அனுப்பும் பக்கத்தை மட்டும் கொம்பைல் செய்திருக்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். வாங்கும் பக்கம் இன்னும் 48 பைட் பாத்திரத்தோடு நிற்கிறது, வருவது 64. அந்த நிலையில் வாங்கும் அழைப்பு -1 ஐத் திருப்பி, எர்னோ என்ற பிழை எண்ணில் ஈ-டூ-பிக் (அளவு பெரிது) என்ற பிழையை வைக்கும், மெசேஜோ கியூவிலேயே கிடக்கும். நீங்கள் -1 ஐப் பார்க்காமல் லூப்பைச் சுற்றினால், அதே மெசேஜை செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை எடுக்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டே இருக்கும், சிபியூ ஏன் சூடாகாது? சந்தேகம் இருந்தால், ஒரு புரோகிராம் கேர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டும் ஸ்ட்ரேஸ் கட்டளையைச் சூடோவோடு -பி போட்டு அடித்து, அலாரம் புரோகிராமின் புரொசெஸ் எண்ணைக் கொடுங்கள், ஒரே வரி திரையில் மழையாய்க் கொட்டும்.

மெசேஜ் வடிவத்தை ஒரே ஹெடர் கோப்பில் வைத்து, மேக்ஃபைலில் இரண்டு பக்கமும் அதை நம்பியிருக்கச் செய்யுங்கள். அளவு கொடுக்கும்போது, முன்னால் நிற்கும் லோங் வகை எண்ணைக் கழித்துவிட்டுக் கொடுக்க வேண்டும், முழு ஸ்ட்ரக்டின் அளவைக் கொடுப்பது எல்லாரும் விடும் பிழை. நீளம் கூடினால் வெட்டி வாங்கு என்றொரு கொடி (அழைப்போடு கொடுக்கும் ஒரு தெரிவு) இருக்கிறது, தயவுசெய்து அதைப் போடாதீர்கள். பிழை மறையும், திகதி பாதியில் அறுந்து வரும்.

இரண்டாவதுதான் என்னையும் ஒருமுறை மூன்று இரவு தூங்க விடாதது. லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்-டியில், லொகின்களைக் கவனிக்கும் லொகின்-டி என்று ஒரு பகுதி, அதில் ரிமூவ்-ஐபிசி என்று ஓர் அமைப்பு. ஒரு பயனரின் கடைசி லொகினும் முடிந்ததும் அவருக்குச் சொந்தமான கியூக்களையும், யாரும் பிடித்துக்கொண்டிராத ஷெயார்ட் மெமரியையும் அது கூட்டித் தள்ளிவிடும். நோஹப் உங்கள் புரோகிராமைத்தான் காப்பாற்றும், இவற்றைக் காப்பாற்றாது.

மெமரியை அழிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. யாராவது அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் லொகின்-டி தொடாது, உள்ளே ஆள் இருக்கும் வாடியைப் பிரிக்காது. உங்கள் சென்சார் புரோகிராம் ஒவ்வொரு முறையும் இணைந்து, எழுதி, விட்டுவிடுகிறது என்றுதான் நினைக்கிறேன், அதனால் கடைசி லொகின் முடிந்த நேரம் யாரும் பிடித்திராத வாடி முழுசாகப் போய்விட்டது. காலையில் மாமா திறந்த திரை புரோகிராம் பழைய சாவி எண்ணோடு தேடியது, கிடைக்கவில்லை, அதில் 'இல்லையென்றால் உருவாக்கு' என்னும் ஐபிசி-கிரியேட் கொடி இருந்ததால் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டது. புது மெமரியைக் கேர்னல் பூச்சியத்தால் நிரப்பித்தான் தரும். அதுதான் அந்த 0.0. அந்த நேரம் ஐபிசிஎஸ் -எம் அடித்திருந்தால், அதே சாவிக்கு முன்பிருந்த அடையாள எண் போய், புது எண் நிற்பது தெரிந்திருக்கும்.

கியூவுக்கு அந்தச் சலுகையும் இல்லை, அழித்தால் அந்த நிமிடமே போய்விடும். அப்படியென்றால் நீங்கள் துண்டித்த பிறகு இரவு முழுக்க அலாரம் செவிடு. எனக்கு 0.0 ஐ விட இதுதான் பயம், ஏனென்றால் உள்ளே இருப்பது ஒரு படகின் உழைப்பு.

திருத்தம் இப்படி. சென்சாரையும் அலாரத்தையும் சிஸ்டம்-டி சேவையாக்கி, அதற்கென்று ஒரு சிஸ்டம் பயனரை உருவாக்குங்கள், யூசர்-ஆட் கட்டளைக்கு -ஆர் கொடுத்தால் போதும். சிஸ்டம் பயனரின் பொருட்களை லொகின்-டி தொடாது. லொகின்-டியின் கொன்ஃபிக் கோப்பில் ரிமூவ்-ஐபிசியை நோ ஆக்கினாலும் வேலை செய்யும், ஆனால் லேப்டொப் மாறும்போது அதை மறந்துவிடுவீர்கள். பயனர் மாறுவதால் அனுமதியையும் பாருங்கள்: மாமாவின் கணக்கு வாசிக்க 0644 (சொந்தக்காரர் எழுதலாம், மற்றவர் வாசிக்க மட்டும்) வேண்டும், திரை புரோகிராமும் வாசிப்புக்கு மட்டும் என்று கேட்டு இணைய வேண்டும்.

திரை புரோகிராமில் இருந்து ஐபிசி-கிரியேட்டை எடுத்துவிடுங்கள். கட்டுவது சென்சார் பக்கத்தின் வேலை. வாசிப்பவர் தேடி, இல்லையென்றால் இல்லை என்று சொல்ல வேண்டும். பூச்சியம் பாகை ஒரு குளிரறைக்கு நம்பக்கூடிய எண் என்பதுதான் இங்கே ஆபத்து. அதனால் மெமரியில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் எழுதிய நேரத்தையும் வையுங்கள், 30 செக்கனுக்கு மேல் பழையது என்றால் திரையில் எண் வேண்டாம், அந்த இடத்தில் ஒரு சிறு கோடு (-) போடுங்கள். இரண்டு மதிப்பு சேர்ந்து வரும்போது பாதி பழையது பாதி புதியது வாசிக்காமல் இருக்க ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் செமஃபோர் ஒன்று போடுங்கள், மாறிக்கு முன்னால் வொலடைல் என்று எழுதினால் போதாது.

பிறகு, எல்லா அழைப்பிலும் -1 வந்தால் எர்னோவோடு லொக்கில் எழுதுங்கள். அதைச் செய்திருந்தால் இரண்டு பிரச்சினையும் முதல் நாளே பெயர் சொல்லியிருக்கும்.

எல்லாம் முடிந்ததும் எல்லா லொகினையும் மூடிவிட்டு ஒரு மணித்தியாலம் விடுங்கள். பிறகு மாமாவிடம் சொல்லி சென்சாரை ஒரு கோப்பைச் சுடுதண்ணிக்குள் விடச் சொல்லுங்கள், அலாரம் அடிக்கிறதா என்று ஃபோனில் கேளுங்கள்.