5 வயதும் 45 வயதும் ஒரே வகுப்பில்: பரதம் கற்பிப்பது எப்படி?

கேள்வி: மாலை 6 மணி முதல் 7.15 வரை பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறேன். மொத்தம் 14 பேர். 5, 6 வயதுக் குழந்தைகள் நான்கு பேர், 11 முதல் 13 வயதுப் பெண்கள் ஆறு பேர், 40 வயதைத் தாண்டியவர்கள் நான்கு பேர். அடிப்படை அசைவுகளான அடவுகளில், பாதத்தைத் தட்டும் தட்டடவு முடித்து, காலை நீட்டிக் குதிகாலை ஊன்றும் நாட்டடவு தொடங்கியிருக்கிறேன். சின்னவர்கள் பத்து நிமிடத்தில் கலைந்துவிடுகிறார்கள். பெரிய பிள்ளைகளில் இருவர் முழங்கால் வலி என்கிறார்கள். பெரியவர்களுக்கு நன்றாகப் புரிகிறது, ஆனால் அடுத்த வாரம் வரும்போது மறந்துவிடுகிறது. தனித்தனி பேட்ச் வைக்க வசதியில்லை. என்ன செய்வது?

பதில்: தனி பேட்ச் இல்லாமலே இதைச் சரிசெய்யலாம். வயதுக்குத் தகுந்தபடி அடவை மாற்ற வேண்டாம். எத்தனை முறை ஆட வைக்கிறோம், எவ்வளவு ஆழம் உட்கார வைக்கிறோம், எந்தச் சொல்லால் திருத்துகிறோம் என்ற மூன்றை மட்டும் மாற்றுங்கள். தையா தை (தட்டடவின் சொல்) எல்லோருக்கும் அதே தையா தைதான்.

முழங்கால் வலியிலிருந்து தொடங்குகிறேன், காத்திருக்கக் கூடாதது அதுதான். பெரும்பாலும் வலிக்குக் காரணம் அரைமண்டியே (பாதங்களைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலை மடக்கிப் பாதி உட்காரும் நிலை) அல்ல, அரைமண்டியில் பாதத்தை வலிந்து திருப்புவது. பக்கவாட்டில் திரும்ப வேண்டியது தொடை, அது திரும்பும் இடம் இடுப்பு மூட்டு. முழங்கால் மடங்கவும் நிமிரவும் ஆன மூட்டு. பக்கவாட்டில் முறுக்கினால் கொஞ்சம்தான் இடம் கொடுக்கும். இடுப்பு 50 பாகை திரும்பும் பிள்ளை, பக்கத்தில் நிற்பவளைப் பார்த்துப் பாதத்தை 80 பாகைக்குத் திருப்பி வைத்தால், நடுவில் உள்ள வித்தியாசத்தை முழங்காலும் கணுக்காலும் தாங்க வேண்டிவரும். அந்த நிலையில் ஒரு மணி நேரம் தட்டினால் வலிக்காமல் என்ன செய்யும்?

இதை நேரில் சோதிக்க ஒரு வழி உண்டு. மாணவியை முழங்கால் நீட்டி, பாதங்களை நேராக வைத்து நிற்கச் சொல்லுங்கள். சுவரையோ நாற்காலியையோ பிடித்துக்கொண்டு, பாதத்தின் முன்பகுதியைச் சற்றே தூக்கி, குதிகாலில் எடை வைத்து, தொடைகளை இடுப்பிலிருந்து வெளிப்பக்கமாகத் திருப்பட்டும். பிறகு முன்பாதத்தைத் தரையில் இறக்கட்டும். பாதங்கள் எங்கே நிற்கின்றனவோ அதுதான் அந்த உடம்பின் இன்றைய எல்லை. அங்கேயே அரைமண்டி உட்காரச் சொல்லி, முன்னால் குனிந்து பாருங்கள். முழங்கால் சில்லின் நடுவிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் அது இரண்டாவது கால்விரலுக்கு நேராக விழ வேண்டும். பெருவிரலுக்கு உட்பக்கமாக விழுந்தால் பாதம் அதிகம் திரும்பியிருக்கிறது. உள்ளங்கால் வளைவு தரையோடு படிந்துபோவது, பெருவிரல் தரையைக் கவ்வுவது, பின்பக்கம் துருத்தி முதுகு குழிவது ஆகிய மூன்றும் இதே தவறின் வேறு அடையாளங்கள். பாதத்தை இரண்டு விரற்கடை உள்ளே கொண்டுவந்தால் பெரும்பாலும் மூன்றும் ஒன்றாகச் சரியாகும். "முழங்காலைப் பின்னால் தள்ளு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளை முதுகை வளைத்துத்தான் தள்ளும்.

11 முதல் 13 வயதில் இன்னொன்றும் சேர்கிறது. பெண் பிள்ளைகள் மிக வேகமாக உயரும் காலம் இது. ஆண் பிள்ளைகளுக்கு இது சுமார் இரண்டு ஆண்டு பிந்தி வரும். எலும்பு முந்திக்கொண்டு நீள, தசை பின்தங்குகிறது. தொடையின் முன்தசை, முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள சிறு எலும்பு மேட்டில் போய்ப் பிடிக்கிறது. அந்த இடம் இந்த வயதில் இன்னும் முழுதாக இறுகியிருக்காது. குதிக்கும்போதும் முழுமண்டியிலிருந்து (முழுதாகக் கீழே உட்காரும் நிலை) எழும்போதும் தசை அதை இழுத்துக்கொண்டே இருந்தால் வலியும் வீக்கமும் வரும். குதிகாலிலும் இதே போல் நடக்கும். நேற்று வரை சுத்தமாக ஆடிய பிள்ளை திடீரெனத் தடுமாறுவதும் இதனால்தான். அதைச் சோம்பல் என்று திட்டிவிடாதீர்கள். உடம்பின் அளவு மாறிவிட்டது, பழைய கணக்கு அதற்குப் பொருந்தவில்லை.

எனவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் உயரத்தைக் குறியுங்கள். 2 சென்டிமீட்டருக்கு மேல் கூடியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு அடுத்த மூன்று மாதம் குதித்து மெட்டடவு (முன்பாதத்தில் குதித்துக் குதிகாலைத் தட்டுவது), மண்டி அடவு (முழங்காலைத் தரையில் ஊன்றுவது), முழுமண்டி மூன்றையும் பாதியாகக் குறைத்து, மிச்ச நேரத்தைத் தாளம், ஹஸ்தம் (கை முத்திரை), அபிநயம் (பாவனை) என்று நிரப்புங்கள். உங்கள் மாணவிகள் இருவருக்கும் இப்போதே இதைத் தொடங்குங்கள். வலி மறுநாளும் நீடித்தால், வீக்கம் இருந்தால், நொண்டினால், இரவில் தூக்கத்தைக் கெடுத்தால் எலும்பு மருத்துவர் பார்க்கும் வரை ஆட விடாதீர்கள். தரையும் முக்கியம். கான்கிரீட்டின் மேல் பதித்த கல்லும் டைல்ஸும் அதிர்ச்சியை அப்படியே காலுக்குத் திருப்பிக் கொடுக்கும். அதற்காகத் தடிமனான ஸ்பான்ஜ் பாய் விரிப்பதும் தவறு. பாதம் அமுங்கிக் கணுக்கால் பிசகும். சட்டம் அடித்து மேலே பலகை போட்ட தரைதான் நல்லது. அது இயலாவிட்டால் ஓங்கித் தட்டும் சுற்றுகளைக் குறைத்து, மற்ற சுற்றுகளில் சத்தம் வராமல் பாதம் வைக்கச் சொல்லுங்கள்.

சின்னவர்கள் கலைவது அவர்கள் குற்றமில்லை. 5 வயதுக்கு 75 நிமிடம் மிக அதிகம், 35 நிமிடம் போதும். அவர்களை 6 மணிக்கு வரவழைத்து 6.35க்கு அனுப்பிவிடுங்கள். ஒரே அடவை 3, 4 நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். ஆடியது போதுமானால் உட்கார்ந்து தாளம் போடட்டும், பிறகு எழுந்து வட்டமாக நடக்கட்டும், மறுபடி அதே அடவுக்கு வரட்டும். கையையும் காலையும் ஒரே நாளில் சேர்க்க வேண்டாம். நாட்டடவில் ஒரு வாரம் கை இடுப்பில் இருக்க, கால் மட்டும். அடுத்த வாரம் உட்கார்ந்தபடி கை மட்டும். மூன்றாவது வாரம் இரண்டும். அவசரப்பட்டுச் சேர்த்தால் குழந்தை கையைக் கவனிக்கும்போது அரைமண்டி எழுந்துவிடும், அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்ற மாதக்கணக்காகும்.

அவர்களிடம் உடல் உறுப்பின் பெயரைச் சொல்லித் திருத்துவதைவிட ஒரு காட்சியைக் கொடுப்பது நன்றாக வேலை செய்யும். "தலையில் தண்ணீர்க் குடம் இருக்கிறது, தளும்பக் கூடாது" என்றால் முதுகு தானே நிமிரும், ஒவ்வொரு தட்டுக்கும் எழுந்து உட்காருவதும் நின்றுபோகும். இடம் வலமும் இந்த வயதில் குழப்பும், அதிலும் எதிரே நிற்பவரின் வலது கை எது என்று கண்டுபிடிப்பது இன்னும் கடினம். நீங்கள் குழந்தைகளைப் பார்த்து நின்று "வலது கால்" என்று சொல்லி உங்கள் வலது காலைத் தட்டினால் பாதி வகுப்பு இடது காலைத் தட்டும். பார்த்து நின்றால் கண்ணாடி போல உங்கள் இடது காலைத் தட்டுங்கள், அல்லது முதுகு காட்டி நில்லுங்கள். அவர்களின் வலது மணிக்கட்டில் ஒரு வண்ண நூல் கட்டிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

6.35க்கு மற்றவர்கள் வருவதற்குப் பதில் 6.20க்கு வரட்டும். அந்த 15 நிமிடம் எல்லோரும் சேர்ந்திருக்கும் நேரம், உங்கள் வகுப்பின் மிக அருமையான பகுதியும் அதுவாக இருக்கலாம். வந்தவுடன் 5 நிமிடம் நடை, கணுக்கால் சுற்றல், மெதுவாக உட்கார்ந்து எழுதல். உடம்பு சூடாகும் முன் ஒரே நிலையில் நீண்ட நேரம் இழுத்துப் பிடிக்கும் நீட்டல் வேண்டாம், அது வகுப்பின் முடிவுக்கு. இதற்குள் குழந்தைகள் அமர்ந்து சொற்கட்டு (அடவுக்கான தாளச் சொற்கள்) சொல்லட்டும். பிறகு எல்லோரும் தட்டிக் கும்பிட்டு (ஆடும் முன் செய்யும் வணக்கம்), முதல் தட்டடவு. தட்டுக்கழியில் (தாளம் தட்டும் கழி) முதல் காலத்தை (மெதுவான வேகம்; இரண்டாம் காலம் அதன் இரட்டிப்பு) நீங்கள் தட்டுங்கள். குழந்தைகள் முதல் காலத்தில் அட்சரத்துக்கு (தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு) ஒரு தட்டு, பெரிய பிள்ளைகள் அதே நேரத்தில் இரண்டாம் காலத்தில் இரண்டு தட்டு. ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தம் (8 அட்சரம் கொண்ட முழுச் சுற்று) முடியும்போது குழந்தைகள் 8 தட்டும், பெரிய பிள்ளைகள் 16 தட்டும் முடித்து ஒரே சமத்தில் (அடுத்த சுற்றின் தொடக்கத்தில்) வந்து சேர வேண்டும். யார் ஓடுகிறார்கள், யார் இழுக்கிறார்கள் என்பது அந்த இடத்தில் பளிச்சென்று கேட்கும். நீங்கள் சொல்லித் திருத்த வேண்டியதே இல்லாமல் காது திருத்திவிடும். நாற்பதைத் தாண்டியவர்கள் எந்தக் காலத்தில் சேர்வது என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். ஒலிப்பதிவை ஓடவிட்டு இதைச் செய்யாதீர்கள்; பிள்ளை தடுமாறும் இடத்தில் காலத்தைத் தாழ்த்திக் கொடுக்க உங்கள் குரலுக்குத்தான் தெரியும்.

காலம் கூட்டுவதற்கு ஒரே ஒரு அளவுகோல் போதும்: இரண்டாம் காலத்திலும் அரைமண்டியின் உயரம் முதல் காலத்தில் இருந்த அதே உயரத்தில் நிற்க வேண்டும். உயர்ந்தால் அந்தக் காலத்துக்கு உடம்பு தயாராகவில்லை. மூன்றாம் காலத்துக்கு அவசரப்படுத்தும் பெற்றோருக்கு இதைக் காட்டினாலே புரியும்.

40 வயதைத் தாண்டியவர்களின் மறதிக்கு வருவோம். அவர்கள் வகுப்பில் கேட்டதைக் குறிப்பெடுக்கிறார்கள், வீடியோ பார்க்கிறார்கள், அதனால் தெரிந்துவிட்டது என்று தோன்றுகிறது. ஆனால் கால் தானாக ஆடுவதற்கு எழுந்து ஆடித்தான் ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தைவிட வாரத்தில் ஐந்து நாள் 10 நிமிடம் நன்றாக நிலைக்கும். வீடியோவைப் பார்க்கும் முன் நினைவிலிருந்து ஒருமுறை ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறதோ அந்த இடத்தை மட்டும் வீடியோவில் பார்க்கட்டும். வகுப்பிலும் ஒரே அடவை 20 முறை ஆடவைப்பதற்குப் பதில், புதிய அடவு ஓரளவு பிடிபட்டதும் பழைய இரண்டை இடையிடையே கலந்து கேளுங்கள். அன்றைக்குத் தடுமாற்றம் கூடும், அடுத்த வாரம் மறதி குறையும். இதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் "எனக்கு வரவில்லை" என்று மனம் விட்டுவிடுவார்கள்.

அவர்களுக்கு அரைமண்டி பாதி ஆழம் போதும். முதுகு நிமிர்ந்து, முழங்கால் இரண்டாம் விரலுக்கு நேராக இருந்தால் அது முழு மரியாதைக்குரிய அரைமண்டிதான். குதிக்கும் இடத்தில் முன்பாதத்தில் ஏறி இறங்கட்டும். முழங்காலைத் தரையில் ஊன்றும் அடவுகளை நின்றபடி கை, கண், தலையோடு ஆடட்டும். எலும்புத் தேய்மானம், மூட்டுத் தேய்மானம், ரத்த அழுத்தம் இருக்கிறதா என்று சேரும் நாளிலேயே தனியாகக் கேட்டு வையுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள்.

திருத்தும் விதத்தில் பதின்பருவப் பிள்ளைகளிடம்தான் அதிகம் கவனம் வேண்டும். உடம்பு மாறிக்கொண்டிருக்கும் வயதில் எடையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால்கூட அந்தப் பிள்ளை வகுப்பை விட்டுப் போய்விடும், சிலர் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வார்கள். ஒருத்தியைக் காட்டி இன்னொருத்தியைத் திருத்த வேண்டாம். காரணம் சொன்னால் இந்த வயதினர் கேட்பார்கள். மேலே சொன்ன தூக்குக்குண்டு சோதனையை அவர்களே ஒருவரையொருவர் செய்து பார்க்கட்டும். எந்த வயதினராக இருந்தாலும் ஒரு சுற்றுக்கு ஒரு திருத்தம் மட்டும். தொட்டுத் திருத்துமுன் "தொடலாமா?" என்று கேளுங்கள், 5 வயதுக் குழந்தையிடமும்.

உருப்படிகளுக்கு (அடவுகளும் அபிநயமும் சேர்ந்த முழு நடனங்களுக்கு) வரும்போது ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். நாயகி பாவத்தில் (காதலியின் நிலையில்) அமைந்த சிருங்காரப் பதங்களை (காதல் சுவையுள்ள, அபிநயத்துக்கான பாடல்கள்) சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். பொருள் எட்டாத முகத்தில் வெறும் முகச்சுளிப்புதான் வரும். அவர்களுக்குக் கண்ணனின் குறும்பும் முருகன் மயிலேறுவதும் போதும். அந்தப் பதங்களை உங்கள் நாற்பதைத் தாண்டிய மாணவிகளிடம் கொடுங்கள், அமர்ந்த நிலையில், மெதுவான காலத்தில். வேகத்தில் பின்தங்கியவர்கள் அங்கே முன்னால் நிற்பதைப் பெரிய பிள்ளைகளும் பார்க்கட்டும்.