ஜெர்மனிக்கு எத்தனை கிலோ பருப்பு கட்டுவது?

தம்பி, அக்டோபரில் டிரெஸ்டனுக்கு முதுகலை படிக்க வருகிறீர்கள், மாதம் 992 யூரோவில் வாடகையும் காப்பீடும் போக மிச்சத்தில் சத்தாகச் சாப்பிட முடியுமா, ஊரிலிருந்து பருப்பு எத்தனை கிலோ கட்டுவது என்று கேட்டிருந்தீர்கள்.

முடியும். ஆனால் பருப்புக்காகப் பெட்டியில் இடத்தை வீணாக்காதீர்கள். இங்குள்ள மலிவுக் கடைகளிலும் துருக்கிக்காரர் கடைகளிலும் மசூர் பருப்பு, கொண்டைக்கடலை, ராஜ்மா எல்லாம் உண்டு. மசூரை 'ரோட்டே லின்சன்' என்று கேளுங்கள். ஊறவைக்க வேண்டாம், குக்கரும் வேண்டாம், கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். துவரம்பருப்பு சாம்பார்தான் இறங்கும் என்று அடம்பிடித்தால் இந்தியக் கடைக்கு ஓட வேண்டும். நம் பிள்ளைகளுக்குக் காசு கரைவது அங்கேதான். நான் மசூரில்தான் சாம்பார் வைக்கிறேன். பொடி நன்றாக இருந்தால் போதும். (அம்மா இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.)

'மில்ஷ்ரைஸ்' என்று ஒரு குண்டு அரிசி விற்கிறார்கள். ஜெர்மன்காரர்கள் பாலில் வேகவைத்துச் சர்க்கரை போட்டுச் சாப்பிடுவது. அதில் வெண்பொங்கல் செய்து பாருங்கள், அப்படிக் குழையும்.

அதனால் பெட்டியில் சாம்பார் பொடி, ரசப்பொடி, பெருங்காயம் போதும். குக்கர் வாங்கினால் இண்டக்‌ஷன் அடுப்புக்கும் ஆகிறதா என்று பார்த்து வாங்குங்கள். சாதாரண அலுமினியக் குக்கர் அதில் சூடே ஆகாது. நெய், பால்கோவா கொண்டுவராதீர்கள். பால், இறைச்சிப் பொருள்களை வெளிநாட்டிலிருந்து எடுத்துவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை, விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு மென்சா, அதாவது பல்கலைக்கழக உணவகம். மாணவர் அட்டைக்குத் தனி விலை, பெரும்பாலும் 2 முதல் 4 யூரோவுக்குள் ஒரு தட்டு முடிந்துவிடும். சைவமும் இருக்கும். காரம் மட்டும் எதிர்பார்க்க வேண்டாம், பையில் ஊறுகாய் இருக்கட்டும். வகுப்புக்கு நடுவே வெளியே டோனர் (ரொட்டிக்குள் இறைச்சி வைத்து விற்பது) வாங்கிச் சாப்பிடும் பழக்கம் வந்துவிட்டால்தான் கணக்கு உதைக்கும்.

கடையில் விலைச்சீட்டைப் பார்க்கும்போது கீழே பொடி எழுத்தில் கிலோவுக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும். அதைப் பாருங்கள், பெரிய எழுத்து விலையை நம்பாதீர்கள். முட்டை சாப்பிடாதவர் என்றால் 'மாகர்குவார்க்' வாங்குங்கள். தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் மாதிரி இருக்கும், 100 கிராமில் சுமார் 12 கிராம் புரதம், விலையும் குறைவு. கீரைக்கு உறையவைத்த பசலை. தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள், குழாய்த் தண்ணீரே குடிக்கலாம். அக்டோபருக்கு மேல் இங்கே வெயிலில் நின்றாலும் உடம்பில் வைட்டமின் டி போதிய அளவு உருவாகாது. வரும் முன்பே ஒரு தடவை ரத்தம் சோதித்து, மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், எந்தக் கிழமை வந்து இறங்குகிறீர்கள்? ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். ரயில் நிலையத்துக்குள் இருப்பவை திறந்திருந்தாலும் விலை கூடுதல். சனி ராத்திரி வருவதாக இருந்தால் புளிக்காய்ச்சலும் ஒரு கிலோ அரிசியும் கையோடு எடுத்து வாருங்கள்.