மண் இருக்கட்டும், சர்க்கரை பார்த்தீர்களா?

பிள்ளையை மண் படாமல் சுத்தமாக வளர்த்ததால் நோய் வருமா என்று கேட்டு நீங்கள் எழுதிய நாலு பக்கக் கடிதம். அதில் மூன்றாம் பக்கத்து ஓரத்தில் போகிற போக்கில் ஒரு வரி: "ஆறு வயசுப் பையன், இரண்டு வாரமாக மறுபடியும் படுக்கையை நனைக்கிறான், தண்ணியும் நிறையக் குடிக்கிறான், வெயிலுக்கு இருக்கும்." நான் அங்கேயே நின்றுவிட்டேன். அன்றைக்கே உங்களுக்குப் போன் செய்து, காரைக்குடியில் எந்த லேப் திறந்திருந்தாலும் இப்போதே போய் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள், நாளைக் காலை வெறும் வயிறு வரை காத்திருக்க வேண்டாம் என்றேன். சர்க்கரை 104 வந்தது, பயமில்லை. சிறுநீர்ப் பாதையில் கிருமி, மருந்து கொடுத்ததும் சரியாகிவிட்டது. நல்லது.

ஏன் அவ்வளவு அவசரப்பட்டேன் என்று கேட்டீர்கள். சில வருடங்களுக்கு முன் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பையனைத் தூக்கி வந்தார்கள். வாந்தி, வயிற்று வலி. கல்யாண வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று மெடிக்கலில் இரண்டு நாள் மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் ஓடியது, வாயில் பழுத்த பழ வாடை. சர்க்கரை பார்க்கும் மிஷினில் எண்ணே வரவில்லை, 'ஹை' என்று மட்டும் காட்டியது. பின்னாலேயே வந்த அப்பத்தா சொன்னார்: "பத்து நாளா அவன் ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொய்க்குது, யாரும் கேக்கல." வீட்டில் அத்தனை பேர் இருந்தும் நோயைச் சரியாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். பையன் பிழைத்தான், இன்சுலின் போட்டுக்கொண்டு இப்போது கல்லூரிக்குப் போகிறான்.

படுக்கையை நனைக்கும் பழக்கம் விட்ட பிள்ளை மறுபடி நனைத்தால், ராத்திரி எழுந்து தண்ணீர் கேட்டால், நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால், அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும். இந்த அறிகுறிகளோடு எந்த நேரத்தில் பார்த்தாலும் 200க்கு மேல் இருந்தால் அது சர்க்கரை நோய்தான். கூடவே வாந்தியும் மூச்சிரைப்பும் இருந்தால் லேபுக்குக்கூட அலையாதீர்கள், நேராக ஆஸ்பத்திரி.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். அக்கா மகளுக்கு டைப் 1 சர்க்கரை, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடும் வகை. உங்களுக்கோ தைராய்டு, அதுவும் இதே ஜாதியாக இருக்கலாம். சென்னை ஃப்ளாட்டில் தரையைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்துத் துடைத்து வளர்த்ததால் பிள்ளைக்கும் வந்துவிடுமோ என்று தூக்கம் போய்விட்டது. எல்லாம் நெட்டில் படித்தது.

அந்தப் படிப்பில் பாதி உண்மை இருக்கிறது. 1989இல் ஸ்ட்ராக்கன் என்ற இங்கிலாந்து மருத்துவர், மூத்த அண்ணன் அக்காக்கள் நிறைய உள்ள பிள்ளைகளுக்கு மகரந்த ஒவ்வாமை குறைவு என்று எழுதினார். சின்ன வயதில் கூடப்பிறந்தவர்களிடமிருந்து ஒட்டும் கிருமிகள் அந்த ஒவ்வாமையைத் தடுக்கலாம் என்பது அவர் யூகம்; அவை உடம்பின் காவல் படையைப் பழக்குகின்றன என்று பின்னால் வந்தவர்கள் விளக்கினார்கள். டைப் 1 சர்க்கரை உலகிலேயே மிக அதிகம் பின்லாந்தில்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் ரஷ்யக் கரேலியாவில் ஏறக்குறைய அதே மரபணு உள்ள பிள்ளைகளிடம் அது ஆறில் ஒரு பங்கு. ஆனால் அங்கே சாப்பாடு வேறு, வசதி வேறு, வாழும் முறையே வேறு. இதை வைத்து ஒரு நாட்டைப் பற்றிப் பேசலாம், உங்கள் வீட்டுத் தரையைப் பற்றிப் பேச முடியாது. உடன்பிறந்தவருக்கு டைப் 1 இருந்தாலே நூற்றில் சுமார் ஐந்து பேருக்குத்தான் வருகிறது. உங்கள் மகனுக்கு அது பெரியம்மா மகள் வழிச் சொந்தம், வாய்ப்பு அதைவிடக் குறைவு. நீங்கள் துடைத்த துடைப்பில் எதுவும் நடந்துவிடவில்லை.

கிருமி எல்லாம் நல்லது என்ற பேச்சும் வேண்டாம். தொண்டையில் வரும் ஒரு சாதாரண ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியே சில பிள்ளைகளுக்கு ருமேட்டிக் காய்ச்சலாகி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை இதய வால்வு மீதே திருப்பிவிடும். அதுவும் நீங்கள் பயப்படுகிற அதே ஜாதி நோய்தான்.

பள்ளியில் கொடுத்த குடற்புழு மாத்திரையைப் பையனைத் துப்பச் சொன்னீர்களாம், வயிற்றில் புழு இருந்தால் இந்த நோய்கள் வராது என்று படித்துவிட்டு. இதற்கு எனக்குக் கோபமே வந்தது. பன்றிக் குடல் புழுவின் முட்டையைக் குரோன் என்ற குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்குக் கொடுத்தே பார்த்தார்கள், வெற்று மருந்தைவிட ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை. இங்கே நம் பிள்ளைகளுக்குப் புழு கொடுப்பது ரத்தசோகைதான். அடுத்த தடவை மாத்திரையை விழுங்கச் சொல்லுங்கள். தள்ளிப்போட்ட தடுப்பூசியையும் இந்த வாரமே போட்டுவிடுங்கள், அதனால் டைப் 1 வருவதில்லை. ஆன்லைனில் வாங்கிய 'நல்ல கிருமி' கேப்சூல், தயிர்சாதம் சாப்பிடுகிற பிள்ளைக்குத் தண்டச் செலவு. டைப் 1 வருமா என்று முன்கூட்டியே பார்க்கும் ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனைப் பேக்கேஜும் இப்போது வேண்டாம்.

வளவில் மண்ணில் புரளட்டும் என்கிறார் உங்கள் மாமியார். புரளட்டும். சோற்றில் கை வைக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், ஊருணித் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, அவ்வளவுதான். அப்புறம், தைராய்டு மாத்திரையைக் காலைக் காபியோடு விழுங்குவதாக எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதை மாற்றுங்கள். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, காபிக்குக் குறைந்தது அரை மணி நேரம் பொறுங்கள்.